ஆர்வி தண்ணீர்த் தாங்கி: எவ்வளவு பிளீச், எவ்வளவு நேரம், எதற்காக?

மே மாதத்து விக்ரோறியா தின நீண்ட வார இறுதியோடு ஒன்ராறியோவில் முகாம் காலம் தொடங்கிவிடும். ஆறேழு மாதம் பனிக்குள் நின்ற ஆர்வியை (படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ள பயண வண்டியை) வெளியே எடுத்துக் குழாயைத் திறந்தால் முதலில் வருவது ஒரு மணம். மூடிவைத்த பிளாஸ்ரிக் வாளிக்குள் நாட்கணக்கில் தண்ணீர் நின்றால் வருமே, அதே மணம்.

உடனே எழும் கேள்வி, தாங்கிக்குள் எவ்வளவு பிளீச் (கிருமியைக் கொல்லும் குளோரீன் திரவம்) ஊற்ற வேண்டும் என்பது. கேட்ட இடமெல்லாம் ஒவ்வொரு பதில். “15 கலனுக்குக் கால் கோப்பை” என்பார் ஒருவர். “லீற்றருக்கு இரண்டு துளி போதும்” என்பார் இன்னொருவர். “குளோரீன் அளவு 4க்கு மேலே போனால் குடிக்கவே கூடாது” என்று மூன்றாமவர் பயமுறுத்துவார். மூன்று பேர் சொல்வதிலும் பிழையில்லை. ஆனால் அவை மூன்று வேறு வேலைகளுக்கான அளவுகள். ஒன்றை எடுத்து மற்றதன் இடத்தில் வைத்தால் ஒன்றில் தாங்கி சுத்தமாகாது, இல்லாவிட்டால் தண்ணீர் குடிக்க முடியாததாகிவிடும்.

வண்டிக்குள் தண்ணீர் போகும் வழி

ஆர்வியின் பக்கச் சுவரில் தண்ணீர் சம்பந்தமாகப் பெரும்பாலும் மூன்று வாய்கள் இருக்கும்.

1. பூட்டு மூடி போட்ட அகலமான வாய். இதில் ஹோஸை நுழைத்து ஊற்றும் தண்ணீர் நேரே நன்னீர்த் தாங்கிக்குப் போகும்.

2. திருகி மாட்டும் வாய். முகாம் குழாயின் அழுத்தத்திலேயே தண்ணீர் வண்டிக்குள் இருக்கும் குழாய்களுக்கு ஓடும். தாங்கியை அது தொடாது.

3. கழிவறைத் தாங்கியை உள்ளிருந்து அலசுவதற்கான வாய். எல்லா வண்டியிலும் இராது. இருந்தால், அதுவும் திருகி மாட்டும் வாய்தான், இரண்டாவதைப் போலவே தெரியும். மாட்டுவதற்கு முன் பெயர்ப்பட்டியை வாசித்தே ஆக வேண்டிய இடம் இது.

நன்னீர்த் தாங்கி பொதுவாகப் பொலித்தீன் பெட்டி. கட்டிலுக்கோ சாப்பாட்டு மேசை இருக்கைக்கோ கீழே ஒளிந்திருக்கும். கைவிட்டுக் கழுவ முடியாது. அதிலிருந்து 12 வோல்ற் பம்ப் ஒன்று தண்ணீரை இழுத்து, ஒரு கிளையைக் குளிர்ந்த தண்ணீர்க் குழாய்களுக்கும் மற்றதைச் சுடுதண்ணீர் ஹீற்றருக்கும் அனுப்பும். வட அமெரிக்க வண்டிகளில் ஹீற்றர் கொள்ளும் அளவு அனேகமாக 6 கலன், அதாவது ஏறத்தாழ 23 லீற்றர். பெரிய வண்டியென்றால் 10 கலன்.

இரண்டாவது வாயை மட்டும் பாவித்துக்கொண்டு ஒரு கிழமை முழுவதும் முகாமில் இருப்பவர்கள் நிறையப் பேர். குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வருகிறது, பிரச்சினை தெரியாது. தாங்கிக்குள்ளோ போன பயணத்துத் தண்ணீர் அப்படியே கிடக்கும். வீடு திரும்பும் வழியில் எங்கோ நிறுத்தி, பம்பைப் போட்டு, அந்தத் தண்ணீரில் பல் துலக்குவார்கள்.

குளோரீன் எங்கே போய்விடுகிறது?

நகரக் குழாய்த் தண்ணீர் வீட்டுக்கு வரும்போது அதில் கொஞ்சம் குளோரீன் மிச்சம் இருக்கும். இதை மீதிக் குளோரீன் என்பார்கள். சுத்திகரிப்பு நிலையத்திலேயே கிருமிகளைக் கொன்றாகிவிட்டது. மீதிக் குளோரீன் வழியில் காவலுக்கு வருவது. தண்ணீரைப் பெறும் இடத்தில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரொறன்ரோவில் அமோனியாவும் சேர்த்து இதைக் குளோரமீனாக மாற்றி அனுப்புகிறார்கள், நெடுந்தூரக் குழாய்களில் கூடுதல் நேரம் தாங்குவதற்காக.

தாங்கிக்குள் வந்ததும் இந்தக் காவல் தேயத் தொடங்கும். சூடு ஒரு காரணம். தாங்கியின் காற்றுக் குழாய் வழியே ஆவியாவது இன்னொன்று. ஆனால் அதிகம் தின்றுவிடுவது தாங்கிச் சுவரில் படிந்திருக்கும் அழுக்குத்தான். சுத்தமான தாங்கியில் குளோரீன் நின்று பிடிக்கும். வழுவழுப்புப் பிடித்த தாங்கியில் சீக்கிரமே மறைந்துவிடும். எனவே “தண்ணீர் எத்தனை நாள் தாங்கும்?” என்பதற்கு ஒரே எண்ணாகப் பதில் சொல்பவரை நம்ப வேண்டாம். ஜூலை வெயிலில் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை தாங்கியை வெறுமையாக்கிப் புதிதாக நிரப்புவது பெரிய செலவில்லாத பழக்கம்.

மீதிக் குளோரீன் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒன்ராறியோவிலேயே ஒரு கசப்பான சாட்சி உண்டு. 2000 மே மாதம், வோக்கர்ட்டன் என்ற சிற்றூரில் பெருமழைக்குப் பிறகு மாட்டெரு கலந்த நீர் ஊர்க் கிணறு ஒன்றுக்குள் இறங்கியது. குளோரீன் சரியாகப் போடப்படவில்லை. மீதி அளவை ஒழுங்காக அளக்காமலே குறிப்பேட்டில் எண்களை நிரப்பி வந்தார்கள். ஈ.கோலை ஓ157 என்ற கிருமியால் 7 பேர் இறந்தார்கள், 2,300 பேர் வரை நோயுற்றார்கள். மாகாணத்தின் 2002ஆம் ஆண்டுக் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டம் அதன் பின்விளைவு. ஊருக்குக் கிணறு எப்படியோ, ஓடும் வண்டிக்குத் தாங்கி அப்படி. ஒரு வித்தியாசம், இதன் மீதிக் குளோரீனை அளக்க எந்த அதிகாரியும் வரமாட்டார்.

சுவரில் ஒட்டியிருக்கும் வழுவழுப்பு

பம்புக்கு முன்னால் ஒரு சின்ன வடி இருக்கும். பல வண்டிகளில் அது கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் கிண்ணம், கையால் திருகிக் கழற்றலாம். பம்பை நிறுத்திவிட்டு அதைக் கழற்றி, உட்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். விரல் கிறீச்சிட்டால் நல்லது. சவர்க்காரம் பூசியதுபோல வழுக்கினால் அதுதான் நுண்ணுயிர்ப் படலம். கிண்ணத்தில் வழுக்கினால் கைபோகாத தாங்கியிலும் குழாயிலும் அதுவே இருக்கிறது என்று கொள்ளலாம்.

பற்றீரியாக்கள் தண்ணீரில் மிதந்துகொண்டே வாழ்வதில்லை. ஒரு மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றிப் பசைபோன்ற ஒன்றைச் சுரந்து, அதற்குள் கூட்டமாகக் குடியிருக்கும். குளோரீன் இந்தப் பசையின் மேற்புறத்தோடு மோதியே செலவழிந்துவிடும், உள்ளே இருப்பவை தப்பிவிடும். அடுத்த முறை நல்ல தண்ணீர் நிரப்பியதும் படலத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து தண்ணீரில் கலக்கும். “போன கிழமைதான் பிளீச் போட்டேன், மறுபடியும் மணக்கிறது” என்று சொல்பவர்களின் தாங்கியில் நடப்பது இதுதான்.

யாழ்ப்பாணத்தில் கிணறு துப்புரவாக்கிய வரிசையை நினைத்துப் பார்த்தால் இது சட்டென்று விளங்கும். முதலில் கிணற்றை இறைப்பார்கள். இறங்கிச் சேற்றை எடுத்து, கட்டின் உட்சுவரை உரஞ்சிக் கழுவுவார்கள். ஊறிவந்த புதுத் தண்ணீரில்தான் குளோரீன். வெள்ளத்துக்குப் பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தாலும் அதே வரிசைதான். இறைக்காமல், உரஞ்சாமல் மேலாக மருந்தை மட்டும் கொட்டினால் கிணறு சுத்தமாகாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஆர்வித் தாங்கியில் உரஞ்ச வழியில்லை. அந்த வேலையை வேறு மூன்று காரியங்களிடம் ஒப்படைக்கிறோம்: தண்ணீரின் அசைவு, குளோரீனின் செறிவு, ஊறும் நேரம்.

மூன்று அளவு, மூன்று வேலை

பிபிஎம் என்பது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. தண்ணீரைப் பொறுத்தவரை ஒரு லீற்றரில் ஒரு மில்லிகிராம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

1. தாங்கியைக் கழுவும் அளவு: 50 பிபிஎம், 4 மணி நேரம். அவசரமென்றால் 100 பிபிஎம், ஒரு மணி நேரம். “15 கலனுக்குக் கால் கோப்பை” என்பது இதற்கான வாய்ப்பாடு. இந்தத் தண்ணீர் குடிக்க அல்ல, கொட்டிவிடுவதற்கு.

2. சந்தேகமான தண்ணீரைக் குடிநீராக்கும் அளவு: 6 வீதப் பிளீச் என்றால் லீற்றருக்கு இரண்டு துளி, கலந்து அரை மணி நேரம் விட வேண்டும். அவசர காலத்தில், கொதிக்கவைக்க வழியில்லாதபோது செய்வது இது. தண்ணீர் கலங்கியிருந்தால் முதலில் துணியில் வடித்து, துளிகளை இரட்டிப்பாக்க வேண்டும். படலம் பிடித்த தாங்கியை இந்த அளவு ஒன்றும் செய்யாது.

3. குடிக்கும் தண்ணீரில் இருக்கலாம் என்ற எல்லை: அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 4 பிபிஎம் என்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு 5. இவை உச்ச வரம்புகள். யாரும் எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்குகள் அல்ல.

நகரக் குழாயிலிருந்து நேரே நிரப்பினால் இரண்டாவது வேலையே தேவையில்லை, அதில் ஏற்கெனவே குளோரீன் இருக்கிறது. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் “எதற்கும் இருக்கட்டும்” என்று ஒரு மூடி பிளீச் ஊற்றுகிற பழக்கம் பலரிடம் உண்டு. அந்த ஒரு மூடி படலத்தைப் போக்கப் போதாது, தேநீரைக் கெடுக்கப் போதும்.

கணக்கு

“கால் கோப்பை” வாய்ப்பாடு 5.25 வீதப் பிளீச் வழக்கத்தில் இருந்த காலத்தது. இப்போது கடையில் 3 வீதத்திலிருந்து 8 வீதத்துக்கு மேல் வரை பலவிதம் கிடைக்கிறது. பிளீச்சில் கிருமியைக் கொல்லும் பொருள் சோடியம் ஐப்போகுளோரைற்று. போத்தலில் எழுதியுள்ள அதன் வீதத்தைப் பார்த்து இப்படிக் கணக்கிடலாம்:

பிளீச் (மில்லிலீற்றர்) = தண்ணீர் (லீற்றர்) × தேவையான பிபிஎம் ÷ (வீதம் × 10)

40 கலன் தாங்கி ஒன்றை எடுப்போம். அமெரிக்கக் கலன் 3.785 லீற்றர், ஆக 151 லீற்றர். தாங்கியை நிரப்பிய பிறகு ஹீற்றர் 23 லீற்றரை உள்ளே இழுத்துக்கொள்ளும், தாங்கியை மீண்டும் மேல்வரை நிரப்ப வேண்டியிருக்கும். எனவே மொத்தம் 174 லீற்றர். பிளீச் 6 வீதம். 174 × 50 ÷ 60 = 145 மில்லிலீற்றர். அரைக் கோப்பையை விடச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

இலங்கையிலோ இந்தியாவிலோ கலன் கணக்குப் படித்தவர்களுக்கு ஒரு சிறு பொறி இங்கே இருக்கிறது. அங்கே படித்தது பிரித்தானியக் கலன், 4.546 லீற்றர். அமெரிக்காவில் செய்த வண்டியில் எழுதியிருப்பது அமெரிக்கக் கலன். பழைய நினைவில் பெருக்கினால் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். கூடினால் ஆபத்தில்லை, அலசுவதற்குக் கூடுதல் தண்ணீர் போகும்.

பிளீச்சைத் தெரிவு செய்வதில் சில விலக்குகள் உண்டு. வாசனை சேர்த்தது வேண்டாம். தெறிக்காதபடி தடிப்பாக்கியது வேண்டாம், அதில் நுரைக்கும் பொருள் இருக்கும், அலசி முடியாது. நீச்சல் குளத்து வில்லைகளில் பலவற்றில் சயனூரிக் அமிலம் கலந்திருக்கும், அவையும் வேண்டாம். ஊரில் பாவித்த பிளீச்சிங் பவுடர் சுண்ணாம்பு கலந்தது. அது அடியில் வண்டலாகப் படிந்து பம்பின் வடியை அடைக்கும். கராஜில் இரண்டு கோடைகாலம் கிடந்த பழைய போத்தலும் உதவாது. சூட்டிலும் வெளிச்சத்திலும் பிளீச் தானாகவே வீரியம் இழந்துவிடும், போத்தலில் அச்சிட்ட வீதத்தை நம்பிக் கணக்குப் போட்டால் கணக்கு மட்டும்தான் சரியாக இருக்கும்.

செய்முறை

1. ஹீற்றரை நிறுத்தி, முழுதாக ஆறவிடுங்கள். பிறகு தாங்கி, ஹீற்றர், குழாய்கள் எல்லாவற்றையும் வடிய விடுங்கள். குழாய்களுக்கென வண்டிக்கு அடியில் சிவப்பும் நீலமுமாக இரண்டு வடிகுழாய்கள் இருக்கும்.

2. குளிர்காலத்துக்கு உறைதடுப்புத் திரவம் விட்டிருந்தால் அது நிறமும் நுரையும் இல்லாமல் போகும்வரை வெறும் தண்ணீரால் அலசுங்கள். இளஞ்சிவப்பு நிறத்தில் விற்கும் இந்தத் திரவம் புரொப்பிலீன் கிளைக்கோல், உடம்புக்குப் பெரிய கெடுதி இல்லாதது. ஆனால் பற்றீரியாவுக்கு அது நல்ல சாப்பாடு, போதாததற்குக் குளோரீனையும் வீணாக்கும். (காரில் விடும் எதிலீன் கிளைக்கோல் நச்சு. அது நன்னீர்க் குழாய்ப் பக்கமே வரக்கூடாது.)

3. வடிகட்டிகளின் உள்ளுறைகளைக் கழற்றி வெளியே வையுங்கள்.

4. கால்வாசித் தண்ணீர் நிரப்பி, வண்டியைத் தெருவில் கொஞ்ச நேரம் ஓட்டித் திரும்பி வந்து வடிய விடுங்கள். பலர் தவிர்க்கும் படி இது. உரஞ்ச முடியாத தாங்கிக்கு இதுதான் உரஞ்சல். திருப்பத்திலும் பிரேக்கிலும் தண்ணீர் சுவரில் மோதும்போது கழன்று வருவதை வடியும் தண்ணீரில் பார்க்கலாம்.

5. கணக்கிட்ட பிளீச்சை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து ஊற்றி, தாங்கியை மேல்வரை நிரப்புங்கள். பிளீச்சை அப்படியே ஊற்றினால் ஒரே இடத்தில் தேங்கி றப்பர் வளையங்களைப் பதம் பார்க்கும். முக்கால்வாசியோடு நிறுத்தினால் தாங்கியின் கூரை மருந்தைக் காணாது, படலத்துக்கு அங்கே இடம் மிஞ்சும்.

6. பம்பைப் போட்டு, ஒவ்வொரு குழாயாகக் குளோரீன் மணம் வரும்வரை திறந்து மூடுங்கள். சமையலறை, குளியலறை, ஷவர், எல்லாவற்றிலும் சுடுதண்ணீர்ப் பக்கமும் குளிர்ந்த பக்கமும், கழிவறைத் தண்ணீரும். வண்டிக்கு வெளியே ஒரு சின்னக் கதவுக்குள் இருக்கும் வெளி ஷவரையும் மறந்துவிட வேண்டாம். யாரும் அடிக்கடி பாவிப்பதில்லை, அதனாலேயே தண்ணீர் அங்கே மாதக்கணக்கில் நிற்கும்.

7. தாங்கியை மீண்டும் நிரப்பி 4 மணி நேரம் விடுங்கள். முடிவில் ஒரு குழாயில் அளந்து பாருங்கள். நீச்சல் குளத் தண்ணீரைச் சோதிக்கும் தாள் இந்த அளவுக்கு எட்டாது. உணவகங்களில் பாவிக்கும், 200 பிபிஎம் வரை காட்டும் குளோரீன் தாள்கள் மலிவாகக் கிடைக்கும். அளவு பாதிக்கும் கீழே போயிருந்தால் உள்ளே தின்ன ஏராளம் இருந்திருக்கிறது. வடித்துவிட்டு இன்னொருமுறை செய்யுங்கள்.

8. வடியவிட்டு, நல்ல தண்ணீரால் இரண்டு முறையாவது நிரப்பி அலசுங்கள். பிறகு புது வடிகட்டி.

மணி நேரம் கூடினால் இன்னும் நல்லதுதானே என்று நாட்கணக்கில் ஊறவிடுவது சரியல்ல. றப்பர் வளையங்களும் உலோகப் பாகங்களும் அரிபடும்.

வினாகிரி பற்றி ஒரு கடுமையான வார்த்தை. சுண்ணாம்புப் படிவைக் கரைக்க வினாகிரி நல்லதுதான். பிளீச்சோடு அது சேர்ந்தால் குளோரீன் வாயு வரும், ஜன்னல் மூடிய வண்டிக்குள் அது உயிராபத்து. அமோனியா உள்ள துப்புரவுத் திரவங்களுக்கும் இதே விலக்கு. வினாகிரி, பிளீச் இரண்டையும் பாவிக்க வேண்டுமானால் இடையில் முழுதாக அலச வேண்டும், வேறு வேறு நாட்களில் செய்வது இன்னும் நல்லது.

காபன் வடிகட்டியை எங்கே வைப்பது?

நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் பிழை இது. குழாய்க்கும் ஹோஸுக்கும் இடையில் காபன் வடிகட்டி ஒன்றை மாட்டி, “வடித்த தண்ணீரையே” தாங்கிக்குள் நிரப்புகிறார்கள். காபன் முதலில் நீக்குவது குளோரீனை. அதாவது காவலாளியை வாசலில் இறக்கிவிட்டு, காவல் இல்லாத தண்ணீரைச் சூடான பெட்டிக்குள் நாட்கணக்கில் வைத்திருக்கிறார்கள். ஈரக் காபனும் பற்றீரியாவுக்கு வசதியான இருப்பிடம்.

நிரப்பும் இடத்தில் மண், துருவைப் பிடிக்கும் வண்டல் வடிகட்டி போதும். காபன் குடிக்கும் குழாயின் அடியில் இருக்கட்டும். அங்கே குளோரீன் தன் வேலையை முடித்துவிட்டது, சுவைக்காக நீக்கலாம்.

வெள்ளி அயன் கலந்த திரவங்களும் வில்லைகளும் விற்கிறார்கள். சுத்தமான தண்ணீரில் கிருமி மறுபடி பெருகாமல் தடுக்க அவை உதவும். வேலை செய்வது மெதுவாக. அழுக்குத் தாங்கிக்கு அவை மருந்தல்ல.

கழிவு கொட்டும் இடத்தில் இரண்டு குழாய்கள்

முகாம் வாசலில் கழிவு கொட்டும் இடத்தைக் கவனித்திருப்பீர்கள். சில அடி தூரத்தில் இரண்டு குழாய்கள் நிற்கும். ஒன்றில் “குடிநீர்” என்ற பலகை. மற்றதில் “குடிக்க உகந்ததல்ல”. அது கழிவு ஹோஸை அலசுவதற்கு. இரண்டிலும் திருகு ஒரே அளவு. முன்னால் நின்றவர் மலக்கழிவு ஹோஸைக் கையால் பிடித்து அலசிவிட்டு, அதே கையுறையோடு குடிநீர்க் குழாயைத் திறந்து கை கழுவிவிட்டுப் போகிறார். அல்லது கழிவு ஹோஸின் நுனியையே குடிநீர்க் குழாயின் வாயில் முட்டவைத்து அலசுகிறார். அடுத்ததாக நாம் நமது ஹோஸை அங்கே மாட்டுகிறோம்.

இங்கே செய்ய வேண்டியது அரை நிமிட வேலை. நீர்த்த பிளீச் உள்ள சின்னத் தெளிப்பானால் குழாயின் வாயை நனைத்துச் சற்று விட்டு, தண்ணீரை ஓடவிட்டு, பிறகு மாட்டுவது. கழிவுப் பக்க வேலை எல்லாம் முடிந்து கையுறையைக் கழற்றிக் கை கழுவிய பிறகே நன்னீர் வேலையில் இறங்க வேண்டும்.

ஹோஸும் தனியாக இருக்க வேண்டும். தோட்டத்துப் பச்சை ஹோஸ் குடிநீருக்காகச் செய்யப்பட்டதல்ல, வெயிலில் கிடந்தால் அதன் பிளாஸ்ரிக் சுவை தண்ணீரில் இறங்கும். என்எஸ்எஃப் 61 என்ற தரக்குறியோடு, குடிநீருக்கென்று எழுதிய ஹோஸை வாங்கலாம். பாவித்து முடிந்ததும் தண்ணீரை வடித்து, இரண்டு நுனிகளையும் ஒன்றோடொன்று திருகிவிட்டால் பூச்சியும் மண்ணும் போகாது.

மணத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடித்தல்

சுடுதண்ணீரில் மட்டும் கூழ்முட்டை நாற்றம் என்றால் தாங்கியைக் குறை சொல்லாதீர்கள், ஹீற்றரைப் பாருங்கள். உருக்குத் தொட்டி உள்ள ஹீற்றர்களில் துரு பிடிக்காமலிருக்க மக்னீசியக் கம்பி ஒன்று வைத்திருப்பார்கள். தண்ணீரில் உள்ள சல்பேற்றைத் தின்னும் பற்றீரியாவுக்கு அந்தக் கம்பி துணைபோவதால் ஐதரசன் சல்பைட்டு உண்டாகிறது. குளோரீன் ஏற்றி அலசினால் போகும். திரும்பத் திரும்ப வந்தால் அலுமினியக் கம்பிக்கு மாற்றிப் பார்க்கலாம். அலுமினியத் தொட்டி ஹீற்றர்களில் கம்பியே இருக்காது.

இரண்டு பக்கமும் மண் மணம் என்றால் தாங்கி. பிளாஸ்ரிக் சுவை என்றால் அனேகமாக ஹோஸ். குவளையில் பால்போல வெளுத்து, அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் அது வெறும் காற்று.

மணமே இல்லாத ஒன்றும் இருக்கிறது, லெஜியோனெல்லா. 1976இல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே பரவிய மர்மக் காய்ச்சலின் காரணமாக அடுத்த ஆண்டு இனங்காணப்பட்டதால் அந்தப் பெயர். ஏறத்தாழ 20 முதல் 45 பாகை செல்சியஸ் வரையான வெதுவெதுப்பில் இது பெருகும். குடிப்பதைவிடச் சுவாசிப்பதுதான் இதில் ஆபத்து: ஷவரின் நுண்துளிகளோடு நுரையீரலுக்குப் போகும். “குடிப்பதற்குப் போத்தல் தண்ணீர் வாங்குகிறோம், தாங்கியைப் பற்றி என்ன கவலை” என்ற வாதம் இங்கேதான் உடைகிறது. ஹீற்றரை அரைச் சூட்டில் நாட்கணக்கில் வைத்திருக்காமல், பாவிக்கும்போது 60 பாகை வரை ஏற்றிவிட்டு, சூடு சுடாதபடி கலந்து குளிப்பது நல்லது. சில நாள் நின்ற வண்டியில் ஷவர்த் தலையைக் கழற்றிவிட்டு அல்லது வாளிக்குள் அமுக்கிப் பிடித்து, இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்ட பிறகு குளியுங்கள். முதியவர்கள், புகைப்பவர்கள், நோயெதிர்ப்புக் குறைந்தவர்கள் உள்ள குடும்பம் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். கைக்குழந்தையின் மாப்பாலுக்குத் தாங்கித் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் எடுக்கவே வேண்டாம். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், 2,000 மீற்றருக்கு மேற்பட்ட மலையில் மூன்று நிமிடம்.

வாடகை வண்டி என்றால்

நம்மவர்களில் பெரும்பாலோர் ஆர்வியை வாங்குவதில்லை, ஒரு கிழமைக்கு வாடகைக்கு எடுக்கிறார்கள். சாவியைத் தரும் இடத்தில் “தண்ணீர்த் தாங்கி சுத்தமா?” என்று கேட்டால் “சுத்தம்” என்ற பதில்தான் வரும். “கடைசியாக எந்தத் திகதியில் குளோரீன் போட்டு அலசினீர்கள்? வடிகட்டி எப்போது மாற்றியது?” என்று கேளுங்கள். திகதி சொல்ல முடியாதவரிடம், தாங்கியை வெறுமையாக்கித் தரச் சொல்லலாம். அது இருபது நிமிட வேலை. ஹோஸை மட்டும் அவர்களுடையதை வாங்காமல் சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்வது உத்தமம். முன்னால் எடுத்தவர் அதை எதற்குப் பாவித்தார் என்பது யாருக்கும் தெரியாது.

குளோரீன் போட்டு அலசும் வேலையை முகாமில் செய்ய நேர்ந்தால், வடியும் தண்ணீரைப் புல்லிலோ ஏரிக்கரையிலோ விடக்கூடாது. 50 பிபிஎம் என்பது மீனுக்கு மிகப் பெரிய அளவு, அதில் சிறு பங்கே அவற்றைக் கொல்லும். சாம்பல் நீர்த் தாங்கியில் (கைகழுவும் தொட்டி, ஷவர்க் கழிவு நீர் சேரும் தாங்கியில்) பிடித்து, கழிவு கொட்டும் இடத்திலேயே விடுங்கள்.